இரட்டைப் பகா எண்களும் என் நேர்கோடுகளும்

சமம் என்று காட்ட இரண்டு கோடு போடுகிறோமே, அந்தக் கோடுகள் வளைந்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் நேராக்கிவிட்டேன். கணித ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலையில், புரியாததைத் திருத்தாமல் இருப்பதுதான் பாதித் தொழில். அடுத்தவர் கையெழுத்தோடு மல்லுக்கட்டும் மகராசிகளுக்கு இது தெரியும்.

மெட்ரோ மேல் பழி

நித்யா டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப்பெண், ஆராய்ச்சி மாணவி. மெட்ரோவில் துவாரகா வரும்வரை தன் ஆய்வேட்டைக் கையால் எழுதிக்கொண்டே வருவாள். ரயில் குலுக்கலில் கோணிவிட்டது என்று நினைத்து, அத்தியாயம் முழுக்க வளைந்த கோடுகளை நேராக்கி அனுப்பினேன். மறுநாள் குக்கர் விசிலை மிஞ்சும் குரலில் போன்.

"அரே அக்கா, வளைஞ்சிருந்தா 'ஏறக்குறைய'ன்னு அர்த்தம்! உலகத்துல யாரும் நிரூபிக்காததை நீ நிரூபிச்சுட்டியான்னு கைடு கேக்குறார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா அத்தியாயமே செல்லாதாம்!"

சல்லடை

எல்லாவற்றையும் திரும்ப வளைத்துவிடலாம் என்றால், நடுநடுவே நிஜமான சமமும் இருக்கிறது. விஷயம் புரியாமல் எப்படிப் பிரிப்பது? வீட்டுக்கு வரச் சொன்னேன். என் மகளை மடியில் வைத்துக்கொண்டே விளக்கினாள். பதினொன்று, பதின்மூன்று போல இரண்டு தள்ளி நிற்கும் பகா எண்கள்தான் இரட்டையர். அந்த ஜோடிகள் எத்தனை என்று கணிக்க எண்களைச் சலிக்கிறார்கள். ஐந்தின் சல்லடையில், எண்ணோ அதன் ஜோடியோ ஐந்தால் வகுபட்டால் அது விழும்; ஐந்துக்கு இரண்டு விழுந்து மூன்று தேறும். ஏழின் சல்லடையில் ஏழுக்கு ஐந்து. அதுவரை சமம்தான். சல்லடைகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடாது என்று நம்பிக்கொள்கிறார்கள். அங்கேதான் கோடு வளைகிறது.

"எவ்வளவு தூரம் போனாலும் ஜோடி மிஞ்சிக்கிட்டே இருக்குமா?" என்றேன்.

"இருக்கும்னுதான் கணிப்பு சொல்லுது அக்கா. இருந்தே தீரும்னு சொல்ற ஆள் இன்னும் வரலை."

பொருந்துகிற தொல்லை

கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஒரு பக்கம் சல்லடைக் கணிப்பு, மறுபக்கம் கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்ன நிஜ ஜோடிகள். இரண்டும் அவ்வளவு நெருக்கம்! வளைந்த கோட்டை மறுபடி நேராக்க எனக்குக் கை பரபரத்தது. "இதுக்கு மேல என்னம்மா நிரூபணம்?" என்றேன்.

நித்யா சிரிக்கவில்லை. "கிட்ட வர்றதுதான் அக்கா தொல்லை. தப்பா வந்திருந்தா தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன்."

வெள்ளிக்கிழமை அத்தியாயம் தேறியது. எல்லோரும் நம்புகிற ஒன்றையும் 'ஏறக்குறைய' என்றே விட்டுவைக்க ஒரு தனிப் பொறுமை வேண்டும், அது எனக்குக் கணிதத்தைவிடக் கஷ்டம். கைடு சொன்னதை நித்யா போனில் அப்படியே ஒப்பித்தாள்: "என் கட்டுரையையும் அவங்ககிட்டயே குடு. அழகுபடுத்த மட்டும் வேண்டாம்னு சொல்லிடும்மா."