அம்மாவை ஒளித்து வைத்த விடுமுறை

அம்மாவுக்கு வேண்டியிருந்தது வெயில் மட்டும்தான். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டே மாதத்தில் குளிரில் அவருக்கு முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன. "நம்மூர்ல கொட்டற வெயில் இங்க துளி வந்தா என்ன கண்ணு?" என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பார். அவருக்காகத்தான் கிறிஸ்துமஸ் லீவில் அரிசோனாவுக்குப் போனோம். அங்கே பாலைவனத்துக்கு நடுவே பெரிய ஏரி, அதன் கரையில் ஹவாசு என்று ஒரு ஊர். டிசம்பரிலும் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்கலாம்.

ஹோட்டல் ரூமை நாலு பேருக்கு என்று புக் பண்ணியிருந்தேன். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ஆக ஐந்து பேர். நம்மாட்கள் வழக்கமாகச் செய்வதுதானே, ஒரு ஆளை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டால் யார் தலையை எண்ணப் போகிறார்கள்? அற்பப் புத்தி, வேறென்ன!

"கேவலமா இருக்குங்க, சொல்லிடலாம்" என்றாள் மனைவி. "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தேன். அம்மாவைப் பின்பக்கக் கதவு வழியாகக் கூட்டிப்போனேன். "யாரு தட்டுனாலும் தொறக்காதம்மா. ஸ்க்ரீனையும் வெலக்காத" என்றேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் நாலு பேரும் கீழே சாப்பிடப் போனோம். அம்மாவுக்குத் தட்டில் இரண்டு ரொட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வரவேற்பில் இருந்த வெள்ளைக்காரப் பெண் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"உங்க அம்மா வரலையா? நேத்து பின்பக்கமா ரொம்பக் கஷ்டப்பட்டு நடந்து வந்தாங்களே. ஏரி பக்கம் நல்ல வெயில். அவங்களுக்குன்னு ஒரு சேர் போட்டு வெச்சிருக்கேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. தேங்க்யூ என்றேனா இல்லையா, அதுவும் நினைவில்லை. வெட்கங்கெட்டவனே, வெட்கங்கெட்டவனே என்று என்னையே திட்டிக்கொண்டு படியேறினேன்.

ரூம் இருட்டாக இருந்தது. அம்மாவைக் காணோம். பாத்ரூம் கதவைத் தள்ளினேன். லைட் போடாமல், ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்திருந்தார். ரூம் சுத்தம் பண்ணுகிறவர்கள் வந்து தட்டியிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் மெல்லச் சிரித்தார்.

"யாரும் பாக்கல கண்ணு, பயப்படாத. நடுவுல இருமல் வந்துச்சு, முந்தானைய வாயில வெச்சு அடக்கிட்டேன்."