தங்கச்சி படத்துக்கு உடுத்திய நீலம்

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. துணிப்பொதியின் மேல் ஊர்ப்பெயர் எழுதப் பழகியதுதான் என் படிப்பு. ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். என் நாத்தனார் இதை ஊரெல்லாம் வேறு மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

இலங்கையில் ரயில் பண்டாரவளை வரைக்கும்தான் வந்த காலம். பதுளைக் கடைவீதியில் எங்கள் புடவைக்கடை. தாய் தகப்பன் இல்லாத என் தங்கச்சியை என்னோடு வைத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவிட்டேன். அவள் வாத்திச்சிப் பரீட்சையும் தேறினாள். பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலையும் காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திருச்சிப் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை குமாஸ்தாவாம், படித்த பெண்தான் வேண்டுமாம். எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று அவர்கள் சோசியரே சொல்லியாகிவிட்டது. பெண் பார்க்கக் கடல் தாண்ட முடியாது, பரீட்சை தேறிய கோலத்தில் ஒரு படம் அனுப்புங்கள், படம் பிடித்தால் தை மாதம் கல்யாணம் என்று எழுதினார்கள். மாடு வாங்குகிறவன்கூட நேரில் வந்து பல்லைப் பார்ப்பான். இவர்களுக்குக் காகிதம் போதுமாம்! தங்கச்சிக்கோ ஆசைதான். மாப்பிள்ளை புத்தகம் வாசிக்கிறவர் என்று கேள்விப்பட்டதிலிருந்து வாசலில் தபால்காரர் நிழல் விழுந்தாலே எழுந்துவிடுவாள்.

கொழும்பிலிருந்து போட்டோப் பிடிக்கிற படக்காரர் ஒருவர் வந்து நாலு நாள் கூடாரம் போட்டிருந்தார். அவர் முன்னால் எதை உடுத்தி உட்கார்வது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பள்ளிக்கூடத்துத் துரைசானி, தேறின பிள்ளைகள் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். வெள்ளையாம், கல்யாணத்துக்கு அனுப்புகிற படத்துக்கு! நான் அரக்குச் சேலையை எடுத்து வைத்தேன். நாத்தனார் அதைத் தள்ளிவிட்டு வான நீலப் பட்டை விரித்தாள்.

"கறுத்த புள்ளைக்கு அரக்கா? அடுப்புல வச்ச சட்டி மாதிரி இருப்பா. நீலம் கட்டுனாத்தான் நெறம் எடுத்துக் குடுக்கும். எனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை. நாற்பது வயதுக்கு மேல் பவுடர் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவள், நிறத்தைப் பற்றிப் பேசினாள்.

நீலத்தைக் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் புத்தகத்தோடு தங்கச்சியைக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனோம். படக்காரர் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"அம்மா, இந்த நீலம் படத்துல வெள்ளையா விழும். செவப்பு கறுப்பா விழும். குங்குமம் தெரியாது. வேற கட்டிட்டு வரச் சொல்லுங்க."

"கேட்டியா கூத்த?" என்றாள் நாத்தனார். "நாங்க பட்டு விக்கிற குடும்பம். பொட்டி தூக்குறவரு எங்களுக்குச் சேலை சொல்லிக் குடுக்க வந்துட்டாரு."

"மதினி, அவருக்குத்தானே அவரு தொழில் தெரியும்?" என்றாள் தங்கச்சி.

"நீ சும்மா இருடி, வாத்திச்சி!"

நானும் சும்மா இருக்கத்தான் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. விளக்கு வெளிச்சத்தில்கூடச் சாயத்தைச் சரியாகச் சொல்கிற கண் என் கண். நீலம் எப்படி வெள்ளையாகும் என்று எனக்கும் ஏளனமாகவே இருந்தது. படக்காரர் பெட்டிக்குப் பின்னால் போனார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அவர் ஊரைவிட்டுப் போய் மூன்று வாரம் கழித்துத் தபாலில் படம் வந்தது. மாவில் முக்கினது போல வெள்ளைச் சேலை. குங்குமம் நெற்றியின் கறுப்போடு கறுப்பாகக் கலந்துபோய் வெறும் நெற்றி. கொண்டையில் வைத்த பூ தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு ஒன்று தாலியறுத்தவள், இல்லையென்றால் மிஷன்காரர்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துக்கொண்டவள்.

நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டு படக்காரர் வம்சத்தையே சபித்தாள். பிறகு மைக்கூட்டை எடுத்து வந்தாள். "ஒரு பொட்டு வச்சு விட்டுட்டாப் போதும்."

தங்கச்சி படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "பொட்டு வச்ச மொகத்துக்கு மையால பொட்டு வைக்கணுமா? அக்கா, இருக்குறபடி அனுப்புங்க. சேலை நீலம்னு நானே எழுதுறேன். படிச்ச மனுசருக்குப் புரியும்."

புரியும் என்றுதான் நானும் நினைத்தேன். அனுப்பினோம்.

பதில் வந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் போதவில்லையாம். எட்டுப் பொருத்தமும் எந்தக் கப்பலில் வரும்போது கடலில் விழுந்ததோ! சேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த நீலத்தையே வெட்டி உறையில் போட்டு அனுப்பியிருப்பேன். அதற்குக்கூட முதுகெலும்பு இல்லாத குடும்பம். புத்தகம் வாசிக்கிற மாப்பிள்ளை, தங்கச்சி எழுதின ஒரு பக்கத்தை வாசித்தாரோ இல்லையோ.

தங்கச்சி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். அழுவாள் என்று பக்கத்திலேயே நின்றேன். அவள் அதை நாலாக மடித்தாள்.

"அக்கா, பசறை வேலைக்கு வேற ஆளு போட்டுட்டாங்களா?"

"கேட்டாத்தானே தெரியும்."

"அப்ப வாங்க, போய்க் கேப்போம்."

பின்னால் நாத்தனார் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தங்கச்சியோடு இறங்கினேன்.