சண்டியர் சங்கரலிங்கம் அவர்களின் ரத்தம்

நான் எழுதப்போவதை ஒருவரும் நம்ப மாட்டீர்கள். கோமதி அம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகே இதைச் சொல்கிறேன். மீறி நம்பினால் பொறுப்பு உங்களுடையது.

சங்கரன்கோவில் பத்திர ஆபீசுக்கு எதிரே முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிய சங்கரலிங்கம் அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலை காலமானார்கள். என் அண்ணன் மகள் கோமதிதான் போனில் சொன்னாள். அவளுக்கு அவர் தாய்மாமா. எனக்கு மதினியின் தம்பி, அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"சித்தப்பா, மாமா போயிட்டாவ. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாவ. தலைக்குள்ள ரத்தம் நிக்கவே இல்லையாம்."

எமன் முன்வாசல் வழியாக வரப் பயந்து பாத்ரூம் வழியாகப் பின்னால் வந்திருக்கிறான். வேறு எப்படி நெருங்குவான்? அவர் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சை மூட்டை ஏற்றும் ஏழு பேரை ஒற்றை ஆளாக அடித்தவர் அவர். ஏழு பேரில் மெலிந்தவனைக் காலைப் பிடித்துத் தூக்கி, அவனைக் கொண்டே மற்ற ஆறு பேரையும் துவைத்தார். உதிர்ந்த பற்களைக் கூட்டி அள்ளியதில் ஒரு சாக்கு நிறைந்தது. தென்காசி பஸ் ரத்தத்தில் சறுக்கிச் சறுக்கியே ஊர் போய்ச் சேர்ந்தது. பிறகு இளையரசனேந்தலில் ஒரு வரப்புத் தகராறு. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு அரிவாளோடு வந்தார்கள். இரண்டு அரிவாளையும் வாங்கி முறுக்குப் போலக் கடித்துத் துப்பிவிட்டு இருவர் விலாவையும் எண்ணி எண்ணி ஒடித்தார். அந்த வாரம் நம் ஊர் விசைத்தறிகளில் வேட்டி ஓடவில்லை, கட்டுப்போடும் துணிதான் ஓடியது.

அவருடைய வாய் இன்னும் பயங்கரம். ஆதார் நகல் இல்லாமல் வருகிறவர்களிடம், "ஏலே, நாளைக்கும் மறந்துட்டு வந்தேன்னு வையி, உன் கொடலை உருவி இங்கன துணி காயப்போடக் கொடி கட்டிருவேன்" என்பார். எவனும் மறுநாள் மறந்ததில்லை. இடது காலை நீட்டி நாற்காலியில் அமர்ந்தபடியே சொல்வார். எழுவதே இல்லை. எழுந்தால் கொலை விழும் என்பதால்தான் எழுவதில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தக் காலுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அதனால்தான் இத்தனையும்.

அவருடைய ரத்தம் உறையாது. பிறவியிலேயே அப்படி. சின்னதாக இடித்துக்கொண்டாலும் மூட்டுக்குள்ளேயே கசிந்து முழங்கால் தேங்காயாக வீங்கும். ஒரு பல் விழுந்ததற்கு நான்கு நாள் ரத்தம் துப்பினார். வெளியே சொன்னால் மகளின் கல்யாணம் நின்றுவிடும் என்று அவருடைய அம்மா மூடி மறைத்தார்கள். அந்த அம்மாவின் சொந்தத் தம்பியும் சிறு வயதில் ரத்தம் நிற்காமலே இறந்தவர்தான். கேட்டவர்களிடம் பாம்பு கடித்துவிட்டது என்றார்களாம்.

என் அண்ணனுக்குப் பெண் கேட்டு அந்த வீட்டுக்குப் போனபோது என் அப்பா என்னிடம் கேட்டார்: "ஏலே, உன் கூடப் படிக்கானே, அந்தப் பயலுக்குக் காலு ஏன் அப்படி?" அந்த நிமிடத்தில்தான் புளியங்குடி பஸ் ஸ்டாண்டும் ஏழு பேரும் என் வாயில் பிறந்தார்கள். அப்பாவுக்குப் பரம திருப்தி. எங்கள் பக்கத்தில் குடும்பத்தில் ஒரு சண்டியர் இருப்பதால் கல்யாணம் நிற்காது, நோயாளி இருந்தால் நின்றுவிடும். மதினி வீட்டுக்கு வந்தார்கள். கோமதி பிறந்தாள். அவளைச் சிவகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் அதே காலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அதற்குள் ஏழு பேர் பதினேழு பேராகியிருந்தார்கள். சங்கரலிங்கம் அவர்கள் தலை குனிந்து மீசையை நீவிக்கொண்டிருந்தார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

மூன்று வருடம் முன்பு ஒரு நாள் என்னைத் தம் பத்திரக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் புதிதாக வந்த டாக்டர், உமக்கு அக்கா உண்டா, அக்காவுக்கு மகள் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"வே மாப்ள, இது எனக்குன்னு தனியா வந்தது இல்லையாம். எங்கம்மா வழியா வந்ததாம். பொம்பளையாளுவ சொமக்காவ, ஆம்பளையாளு மேலதான் அடி விழுது. கோமதிகிட்டயும் இருக்கலாம், அவ வயித்துல இருக்க பிள்ளைக்கும் இருக்கலாம்."

"அதை எப்படிவே வயித்துக்குள்ள பாக்க?"

"பாக்கலாம். முதல்ல என் ரத்தத்துல கோளாறு எங்கன இருக்குன்னு கண்டுபிடிக்கணும். பொறவு அவ ரத்தம். அவகிட்டயும் இருந்துச்சுன்னா நஞ்சுக்கொடியில ஒரு துணுக்கு எடுத்துப் பாப்பாவளாம். அவளுக்கு இப்பம் எட்டு வாரம். நாம முழிச்சிக்கிட்டு இருந்தோம்னா நாள் போயிரும். இன்னைக்கே சிவகிரிக்குப் போயி உண்மையைச் சொல்லணும்."

"நான் பேசுதேன். நீரு வாயைத் திறக்காதீரும்" என்றேன்.

அவர் திறந்துவிட்டார். சிவகிரிச் சம்பந்தி வீட்டில் காப்பி வருவதற்கு முன்பே மொத்தத்தையும் சொல்லி முடித்துவிட்டார்.

சம்பந்தியின் தம்பிதான் முதலில் பாய்ந்தார். "சண்டியர் குடும்பம்னு சொல்லி நோய்க் குடும்பத்தையா எங்க தலையில கட்டுனீரு?" முதல் நாற்காலி டியூப்லைட்டை உடைத்தது. இரண்டாவது கண்ணாடி அலமாரிக்குள் போய் விழுந்தது. என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து இரண்டு மோது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. "இவளை இப்பமே கூட்டிட்டுப் போங்கவே!" என்று ஒரு குரல். அடுப்படி வாசலில் கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் களேபரத்தில் நான் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். "அய்யா, மச்சான் சும்மா விளையாட்டுக்குச் சொல்லுதாரு! பதினேழு பேரை அடிச்சுப் போட்ட மனுசனுக்கு ரத்தத்துல என்ன கோளாறு வரும்? டெஸ்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காப்பியைக் கொண்டாங்க."

ஓங்கிய நாற்காலிகள் கீழே இறங்கின. ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போது சங்கரலிங்கம் அவர்கள் எழுந்தார்கள்.

விழுந்தது அறை. நான் எட்டு அடி பறந்து, முற்றம் தாண்டி, வைக்கோல் போரில் இறங்கினேன். மூன்று பற்கள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டன. மலையில் இருந்த குரங்குகள் எல்லாம் ஊரைக் காலி செய்தன.

"இன்னும் எத்தனை பேரை நான் அடிச்சேன்னு சொல்லுவேரு?" என்று கத்தினார். "இவ பிள்ளை ரத்தம் நிக்காமச் செத்தா, அதையும் பாம்பு கடிச்சிட்டுன்னு சொல்லுவேராவே?"

பிறகு அந்த வலது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சம்பந்தி, பக்கத்துல வந்து பாருங்க. ஒருத்தன் கன்னத்துல ஒரே ஒரு அடி. இந்தக் கை என்ன ஆகுதுன்னு பாத்துட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் விரல் கணுக்கள் மறைந்தன. அரை மணி நேரத்துக்குள் மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுக்காமல் இருந்தார். சம்பந்தி தம் தம்பியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஏலே, காரை எடு." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "நீயும் ஏறும்மா. உங்க மாமா சொல்லுத டெஸ்டு எல்லாத்தையும் எடுத்துருவோம்" என்றார்.

கோமதியிடமும் அந்தக் கோளாறு இருந்தது. மதுரையில் நஞ்சுக்கொடித் துணுக்கு எடுக்கப் போன அன்று, வரிசையில் காத்திருக்கும்போது அவள் கேட்டாள்: "மாமா, பிள்ளைக்கு இருக்குன்னு வந்தா நான் என்ன செய்ய?"

அவர் சொன்னார். "என்கிட்ட மட்டும் கேக்காத மக்கா. வேண்டாம்னு சொன்னா என்னையே வேண்டாம்னு சொன்ன மாதிரி. பெத்துக்கோன்னு சொன்னா, நான் பட்ட வலியை உன் பிள்ளைக்கும் குடுக்கச் சொன்ன மாதிரி. நீ தெரிஞ்சு முடிவெடுக்கணும். எங்கம்மாவுக்கு அது கிடைக்கல. அதுக்குத்தான் வந்தேன்."

ரிசல்ட் வந்தது. பிள்ளைக்கு இல்லை. கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் இந்த வம்சத்துக்குக் கடைசி ரவுடி நான்தாம்வே" என்றார்.

சென்ற வாரம் பிளக்ஸ் அடிக்கப் போன இளவட்டங்கள் 'தென்னாட்டுச் சிங்கம்' என்று போட என்னிடம் அனுமதி கேட்டார்கள். கோமதி குறுக்கே வந்தாள். "சித்தப்பா, இந்தத் தடவையாவது நோய்ப் பேரை எழுதுங்க. நம்ம சொந்தத்துல கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளையளு இன்னும் இருக்கு." எழுதுகிறேன்: ஹீமோபிலியா. அவருடைய அம்மா வழியில் பிறந்த பெண்கள் தயவுசெய்து ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இந்த நோயை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அந்த வலது கையைப் பார்த்தேன். சிவகிரிக்குப் பிறகு அதில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. கடைசி மூன்று வருடமும் அவர் வாயால் சொல்ல, வேறு யாராவதுதான் பத்திரம் எழுதினார்கள். மாலைக்கு வெளியே அந்த இரண்டு விரலும் நேராக நீட்டிக்கொண்டிருந்தன. போய் வாரும் மச்சான்.

புளியங்குடியில் யாரும் அடிபடவில்லை. இளையரசனேந்தலில் அரிவாளே கிடையாது. சிவகிரியில் நான் பறக்கவில்லை, நின்ற இடத்தை விட்டு அசையக்கூட இல்லை. பற்களும் வாயிலேயேதான் இருக்கின்றன. சங்கரலிங்கம் அவர்கள் தம் ஆயுளில் அடித்தது ஒரே ஓர் அடி. அது மட்டும் நிஜம். எனக்கு அது வலிக்கவே இல்லை.