சாவி கேட்டு மூன்று மெயில்

ஒரே ஆளிடமிருந்து மூன்று மெயில். மூன்றிலும் ஒரே கேள்வி. உங்கள் ப்ளகினில் என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா, எனக்கும் ஒரு சாவி தருவீர்களா.

சாவி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இணையதளம் கட்டிக் கொடுக்கிற எங்களில் பலரும் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளின் மேல்தான் கட்டுகிறோம். செய்தி ஏற்றலாம், படம் போடலாம், பக்கத்தைத் திருத்தலாம். அதில் இல்லாத வசதிக்கு ப்ளகின் என்று சின்னச் சின்ன ஒட்டுகள் உண்டு. ஆளாளுக்கு எழுதிப் பொதுக் கிடங்கில் போட்டு வைப்போம், வேண்டியவர்கள் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நான் எழுதிப் போட்டது தமிழ் நாட்காட்டி. இன்று ஆவணி எத்தனை, அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று தளத்தின் ஓரத்தில் காட்டும். கல்யாண மண்டபம், கோயில், உள்ளூர்ப் பத்திரிகை, நாட்டு மருந்துக் கடை என்று யார் யாரோ மாட்டியிருந்தார்கள். சாவி வைத்திருப்பவர் அதில் ஒரு வரி சேர்த்தால், அத்தனை தளங்களிலும் அந்த வரி போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் தொழிலில் திருட்டு இப்படித்தான் வாசலுக்கு வரும், கும்பிட்டபடி. உங்களுக்கு வேலை அதிகம், நான் பார்த்துக்கொள்கிறேனே என்று. சாவி கைமாறும். நாலு மாதம் சத்தமே இருக்காது. பிறகு ஒருநாள் அம்மன் கோயில் தளத்தில் சூதாட்ட விளம்பரம் பூத்து நிற்கும்.

முதல் மெயிலுக்கு நான் பதில் போடவில்லை. இரண்டாவதற்கும் போடவில்லை. மூன்றாவதில் ஒரு வரி கூடியிருந்தது. வருகிற சனிக்கிழமை திருமழிசை தாண்டி ஒரு காலேஜில் நம் ஆட்கள் கூடுகிறார்கள், வருவீர்களா சார், நேரில் பேசிக்கொள்ளலாம்.

மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு மரியாதையாத்தானே எழுதியிருக்கு."

"அதான் உறுத்துது."

"உங்களுக்குப் பால் பாக்கெட் கெட்டுப்போகாம இருந்தாக்கூட உறுத்தும்."

ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலில் பஸ் ஏறினேன். தலைக்கு மேல் மெட்ரோ தூண்கள் கூடவே வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொன்றும் என்னை எண்ணி அடுத்ததிடம் ஒப்படைப்பதுபோல் இருந்தது. பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோ. டிரைவர் கண்ணாடியில் என் பையைப் பார்த்தார்.

"காலேஜ்ல இன்னா சார், லீவு நாள்ல?"

"கம்ப்யூட்டர்காரங்க கூட்டம். வெப்சைட் செய்றவங்க."

"நீ பேசப் போறியா?"

"இல்ல, சும்மா கேக்க."

"சோறு உண்டா?"

"உண்டு."

"பை, பனியன் எதுனா தர்றாங்களா?"

"தருவாங்கன்னு நினைக்கிறேன்."

"சோறும் போட்டு பனியனும் குட்த்தா எதயோ தலைல கட்டப் போறாங்கோ. உஷாரா இரு நைனா."

அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

காலேஜ் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள், இன்னொரு பக்கம் வயலாக இருந்து மனையாக மாறக் காத்திருக்கும் புல். வாசல் மேசையில் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே காலி இடம். ‘இதைப் பற்றி என்னிடம் கேளுங்கள்’ என்று அச்சடித்து, நாமே நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். நான் நிரப்பவில்லை. என்னிடம் எதையும் கேட்க வேண்டாம்.

மேடையில் ஒருவர் வரவேற்றார். பிறகு ஒரு வழக்கத்தைச் சொன்னார்: "நாலு பேர் நின்னு பேசறீங்கன்னா வட்டத்த மூடாதீங்க. அஞ்சாவது ஆள் வந்து நிக்கற அளவுக்கு ஒரு இடம் எப்பவும் காலியா இருக்கட்டும். வந்து நின்னுட்டாங்கன்னா, நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விடுங்க."

டீ நேரத்தில் பார்த்தேன். நடைவழி முழுக்க வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் அகலத்துக்கு வாய். லேப்டாப் மூடி தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், தங்கள் ஆபீசுக்கு ஆள் தேடுகிற கம்பெனிக்காரர்கள், அம்பத்தூரில் இரவுப் பணி முடித்து நேராக வந்து கொட்டாவி விடுகிறவர்கள். என்னைக் கண்டதும் ஒரு வட்டம் இன்னும் கொஞ்சம் திறந்தது. எலிப்பொறிக்கும் வாய் திறந்துதான் இருக்கும். தூணோரமாக நின்று டீயைக் குடித்தேன்.

சாப்பாட்டுக்கு முன் அவரைக் கண்டுபிடித்தேன். கை கழுவும் குழாயடியில், முதுகு காட்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி பேசிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து இருக்கும். அட்டை புரண்டு முதுகில் தொங்கியது, அதில் மெயிலில் பார்த்த பெயர். காலி இடத்தில் நீல மையில் எழுதியிருந்தார்: நாட்காட்டி.

என் நாட்காட்டி. சாவி கைக்கு வரும் முன்னே கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது. "ஆமா, வந்துகீறாரு. தோ அங்க தூண் பக்கமா நின்னுகினு இருந்தாரு. சாப்ட்டப்பறம் கேக்கறேன். குடுத்தா சரி, குடுக்கலன்னா வேற வழிதான். நீ அத இப்ப யார்கிட்டயும் சொல்லாத, இன்னா."

தட்டில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன.  வேற வழி என்றால் என்ன வழி? யாரிடம் சொல்லக் கூடாது? பத்து வருடமாக நான் தனியாகத் துடைத்து வைத்திருக்கிற ஒரு சின்னப் பொருளைச் சுற்றி இரண்டு பேர் போனில் திட்டம் போடுகிறார்கள். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. திருடியின் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று ஓர் அரிப்பு.

மதியம் பேச்சுகள் கிடையாது. உட்கார்ந்து வேலை செய்கிற நேரம். நீள மேசைகளைப் போட்டு, பொதுவில் கிடக்கும் பிழைகளை ஆளுக்கொன்றாக எடுத்துச் சரிசெய்வார்கள். கடைசி மேசையில் அவர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வணக்கம் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, வீடு இங்கேயே திருமழிசையில், அப்பா முன்பு கழனி வேலைக்குப் போனவர், பிறகு பக்கத்து ஃபாக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று மளமளவென்று சொன்னார். இத்தனை விவரம் எதற்கு என்று நான் யோசித்தேன்.

"மூணு மெயில் போட்டேன் சார்."

"பாத்தேன். சாவி எதுக்கு?"

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். என் நிரல். ஒரே ஒரு வரியில் மஞ்சள் பூசியிருந்தது.

இந்த இடத்தை முன்னாடியே எழுதியிருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த வரி நான் வைத்தது. பல வருடம் முன்பு என் வேலை ஒன்றை ஒரு கம்பெனி எடுத்து, என் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரில் விற்றது. அதற்குப் பிறகு எழுதிய நாட்காட்டியில் ஓர் ஒற்றனை உட்கார வைத்தேன். யார் அதை மாட்டினாலும் அவர்கள் தளத்தின் முகவரி தினமும் ஒருமுறை என் சர்வருக்கு வந்து சேரும். பார்த்தவுடன் புரியாதபடி சுருட்டி எழுதியிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, எங்கும் சொல்லவில்லை. திருடனைப் பிடிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் நாளாக ஆக, காலைக் காபியோடு அந்தப் பட்டியலைப் படிப்பதே ஒரு சுகமாகிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு பாத்திரக்கடை. ஈரோட்டில் ஒரு ஜமுக்காளக் கடை. சிங்கப்பூரில் ஏதோ ஒரு சங்கம். என் ஆவணி அங்கெல்லாம் விடிகிறது.

"இது என்ன சார்?" என்றார்.

"கணக்கெடுக்க. எத்தனை பேர் மாட்டியிருக்காங்கன்னு."

"எண்ணிக்கை போகல சார். முகவரி போகுது."

நான் லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. பொம்பளைங்க தங்கற இல்லம் ஒண்ணு இருக்கு. வீட்டுக்காரன் அடி தாங்காம ஓடி வந்தவங்க. அவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு சைட் கட்டிக் குடுத்திருக்கேன். இன்னிக்கு யார் சமையல், யாருக்கு விரதம், எந்தக் கொழந்தைக்கு என்னிக்கு ஊசி. வெளிய யாருக்கும் அந்த முகவரி தெரியாது. தேடினாலும் வராது. ஆனா மூணு தடவ யாரோ அந்த சைட்டுக்கு வந்து கதவத் தட்டியிருக்காங்க. அது சென்னையிலேர்ந்துன்னு மட்டும் தெரியுது. அங்க இருக்கறவங்க ரெண்டு வாரமா ஒழுங்கா தூங்கல சார். புருஷன் கண்டுபிடிச்சிட்டான்னு ஒருத்தங்க பெட்டியக் கட்டிட்டாங்க."

என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அது நீங்களா?"

பட்டியலில் இருந்த அந்த முகவரி ஞாபகம் வந்தது. பெயர் இல்லாமல், வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். என்னுடையதை எவனோ ஒளித்து வைத்து விற்கிறான் என்று நினைத்தேன். திறந்து பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது. அடுத்த வாரம் மறுபடி போனேன். அப்புறம் இன்னொரு முறை.

"நான்தான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை.  போனை எடுத்து யாருக்கோ இரண்டு வார்த்தை அனுப்பினார். "இல்லத்து அக்காவுக்கு" என்றார். "பெட்டியப் பிரிக்கலாம்னு."

"இத மெயில்லயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வரிய எடுத்துட்டு, லிஸ்ட்ட எங்கயாவது ஒளிச்சிட்டு, ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ம்பீங்க. உங்களப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? எங்க வழக்கப்படி தப்பு எதுனா கண்டா, எழுதனவங்ககிட்டதான் மொதல்ல தனியா சொல்லணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன். நீங்க ஒத்துக்கலன்னா, சாவியும் குடுக்கலன்னா, கிடங்கு பாத்துக்கறவங்களுக்கு எழுதியிருப்பேன். நாட்காட்டியவே மூடியிருப்பாங்க."

வேற வழி.

அந்த மேசையிலேயே வரியை அழித்தேன். பத்து விரலும் அவர் பார்வையில் இருந்தன. சர்வரில் இருந்த பட்டியலை அழித்தேன். புதிய பதிப்போடு என்ன மாறியது என்று பொதுவில் ஒரு குறிப்பு போட வேண்டும். ‘சிறு திருத்தங்கள்’ என்று தட்டினேன். அவர் கையை நீட்டித் திரையில் தட்டினார்.

"சிறுசா சார் இது?"

அதை அழித்துவிட்டு எழுதினேன்: இந்த நாட்காட்டி இதுவரை உங்கள் தள முகவரியை உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு அனுப்பிவந்தது. இனி அனுப்பாது. மன்னிக்கவும்.

"வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

நான் தயங்கினேன். "வீட்ல ஒரு நோட்டு இருக்கு."

"நோட்டா?"

"பிடிச்ச பேரெல்லாம் கையால எழுதி வெச்சிருக்கேன். நாகர்கோவில் பாத்திரக்கடை, ஈரோட்டு ஜமுக்காளக் கடை, இப்படி."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அன்று முதல்முறையாகச் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "கிழிச்சிட்டு போட்டோ அனுப்புங்க சார். அந்த ஈரோட்டு ஜமுக்காளக் கடைய வேணா வெச்சுக்கங்க, அது அவங்களே ஊரெல்லாம் போர்டு வெச்சது."

சாவி விஷயம் அப்படியே கிடந்தது. இப்போது அதைக் கொடுக்காமல் இருக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் பயம் காரணம் பார்த்து வருவதில்லையே. அவர் புரிந்துகொண்டார் போல. "எனக்கும் உங்க மேல முழு நம்பிக்கை வந்துடல சார்" என்றார். "சாவி கேட்டதே, இனிமே இப்படி ஒரு வரி யாருக்கும் தெரியாம உள்ள போகக் கூடாதுன்னுதான். ஒண்ணு செய்யலாம். நான் மாத்தறத நீங்க படிச்சு சரின்னு சொல்லாம வெளிய போகக் கூடாது. நீங்க மாத்தறத நான் படிப்பேன்."

சாவியைக் கொடுத்தேன். கிளம்பும்போது நடைவழியில் அவருடைய ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள், ஓர் ஆள் அகலத்துக்கு அதே வாயோடு. போய் நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நகர்ந்து இன்னொருவருக்கு இடம் விட்டார்கள், நானும் நகர்ந்தேன்.

அன்று மாலையே நோட்டில் ஒன்பது பக்கங்களைக் கிழித்துப் போட்டோ அனுப்பினேன். "நோட்டோட மொத்த பக்கம் எத்தனை சார்?" என்று பதில் வந்தது. எண்ணிச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவருடைய முதல் மாற்றம் வந்தது. வருகிற ஆண்டுக்கான மாதப் பட்டியல். பார்க்க எளிமையானதுதான். காபி ஆறிப்போகும்வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். எங்கே ஒற்றன், எங்கே விளம்பரம், எங்கே சுருட்டி வைத்த எழுத்து? எதுவும் இல்லை. ஆனால் கடைசியில் ஓரிடத்தில் பங்குனி முடிந்ததும் சித்திரை வரவில்லை. மறுபடியும் பங்குனியே வந்தது. முடிகிற ஆண்டு முடியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எழுதினேன்: பங்குனிக்கு அப்புறம் பங்குனி வருதும்மா.

இரண்டு நிமிடத்தில் பதில். "தெரியும் சார். படிக்கறீங்களா, சும்மா சரின்னு போட்டுடறீங்களான்னு பாத்தேன்."

ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தேன். இன்னொன்றும் வைத்திருப்பாரோ என்று மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.