இரண்டு சாவிகளும் ஒரு போத்தல் உப்பும்

இன்று காலைவரை என் மேசை லாச்சியில் இரண்டு பித்தளைச் சாவிகள் கிடந்தன. இரண்டும் ஒரே அலுமாரியின் இரண்டு பூட்டுகளுக்கு உரியவை. அப்படிப் பூட்டியவர் எங்கள் பழைய உப அதிபர். துறைமுகத்தைப் பார்த்த பள்ளிக்கூடம் அது. கப்பலில் வருகிறவனையும் நம்பக்கூடாது, கரையில் நிற்கிறவனையும் நம்பக்கூடாது என்பது அவருடைய வேதம். தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

நான் அங்கே இரசாயனம் படிப்பித்தேன். ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் அமோனியம் நைத்திரேற்று இருந்தது. நீரில் கரைத்தால் கை குளிரும். பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்தோம். ஆனால் அந்த உப்பில் குண்டும் செய்யலாம்; சண்டைக் காலத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயரே போதும். உப அதிபர் உப்பின் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒரு நாள் பார்த்தால், சவ்வரிசி போல உதிரியாகக் கிடந்த உப்பு கட்டிபட்டு, கோட்டுக்கு மேலே நின்றது.

"எடுத்துப்போட்டு வேறை எதையோ கலந்து வைச்சிருக்கிறீங்கள் ரீச்சர். நான் பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்," என்றார்.

என் வேலை மட்டுமா போகும்? அந்த உப்பு முப்பத்திரண்டு பாகை வெப்பத்தைத் தாண்டினால் தன் பளிங்கின் அடுக்கை மாற்றிக்கொள்ளும், புதிய அடுக்குக்கு இடம் கூடுதலாக வேண்டும், குளிர்ந்தால் பழையபடி திரும்பும், இப்படி மாறி மாறி மணிகள் நொருங்கி ஈரத்தில் ஒட்டிப்போகும் என்று சொன்னேன். எங்கள் ஊர் வெயில் நாள்தோறும் அந்த எல்லையைத் தாண்டுகிறது. ஆனாலும் உப்பு தானாக மாறியது என்பது கள்ளர் சொல்லும் கதை போல எனக்கே கேட்டது. விடுமுறை முடியும்வரை நீங்களே பூட்டி வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

கட்டியை உதிர்த்துக் கொடுத்தேன். புதுக் கோடு போட்டார், அரக்கு முத்திரை வைத்தார், தன் அறை அலுமாரியில் இரண்டு பூட்டுப் போட்டுச் சாவிகளைத் தானே கொண்டுபோனார். அந்த விடுமுறை முழுக்க நானும் நிம்மதியாக இல்லை. மழை வந்து குளிர்ந்துவிடுமோ என்று வானத்தைச் சந்தேகித்தேன். போத்தலைக் குளிரான இடத்துக்கு மாற்றிவிடுவாரோ என்று அவரையும் சந்தேகித்தேன்.

திறந்தபோது முத்திரை அப்படியே இருந்தது. உப்பு கட்டிபட்டுக் கோட்டைத் தாண்டியிருந்தது. அலுமாரியின் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து தன் சாவிகளையே வெறித்துப் பார்த்தார்.

"அப்ப நான்தான் கைவைச்சனானோ?" என்றார். ஒரு சாவியைக் கழற்றி நீட்டினார். "ஒண்டை நீங்கள் வைச்சிருங்கோ ரீச்சர். என்னையும் ஆராவது பாக்கத்தானே வேணும்."

மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

அவர் ஓய்வுபெற்றபோது மற்றச் சாவியும் என்னிடம் வந்தது. இப்போது உப அதிபர் நான். இன்று காலை, புதிதாக வந்த இரசாயன ஆசிரியை அலுமாரியருகே நின்றபோது, என் கண் அவளுடைய கைப்பையையே சுற்றிக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. லாச்சியைத் திறந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

"என்னிலை அவ்வளவு நம்பிக்கையோ ரீச்சர்?"

"இல்லைப் பிள்ளை. என்னிலைதான் நம்பிக்கை இல்லை."