மொக்கச்சாமி உபதேசியார் தொடங்காத ஜெபம்

பொட்டிபுரத்தில் பிறந்த மொக்கச்சாமிக்கு ஞானஸ்நானத்தில் தானியேல் என்று பெயர் வைத்தார்கள். சபைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் புழங்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அவர் உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒரு தடவைதான் போடியிலிருந்து ஜீப்பில் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பது, ஜெபம் நடத்துவது, இறந்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் மொக்கச்சாமிதான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கோயில். தோட்டக் கூலியாள்களுக்கான லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த முப்பது குடும்பங்கள்தான் சபை.

அந்த ஜனங்கள் கடவுளை அப்பா என்றே கூப்பிட்டார்கள். பழக்கிவிட்டவர் மொக்கச்சாமி. ஆராதனையின்போது தன் ஒரே மகள் பொன்னுமணியை மடியில் வைத்துக்கொண்டு, “இவ எங்கிட்டக் கேக்குற மாதிரி நீங்க அவருகிட்டக் கேளுங்க. பிள்ளை கூப்பிட்டா எந்த அப்பன் சும்மா இருப்பான்?” என்பார்.

எழுபத்தேழாம் வருசம் ஐப்பசி மழையில் பொன்னுமணிக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மூன்றாம் நாள் காலையில் மூச்சிரைக்கத் தொடங்கியது. மலைப்பாதையில் இரண்டு இடங்களில் மண் சரிந்து ஜீப் போகவில்லை. மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, நான்கு பேர் போடி ஆஸ்பத்திரிக்கு ஒற்றையடிப் பாதையில் சுமந்து இறங்கினார்கள். முன்னால் ஒரு முனையைத் தோளில் வாங்கியவர் மொக்கச்சாமி. மனைவி கருத்தம்மாள் பின்னால் ஓடி வந்தாள்.

“அப்பா, போடி வந்துருச்சா?”

“இந்தா வந்துருச்சு, ஆத்தா.”

வழிநெடுக அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கீழே அடிவாரத்து முந்தல் ஊர் கண்ணுக்குத் தெரிந்த ஒரு வளைவில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அங்கிருந்து மறுபடி மேலே சுமந்து வந்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்த சரிவில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு மொக்கச்சாமி வழக்கம்போல எழுந்து நின்றார். பரமண்டல ஜெபம் தொடங்குவதே பிதாவே என்று கூப்பிட்டுத்தான். வாயைத் திறந்தார். வளைவுக்கு வளைவு கேட்ட அந்தச் சின்னக் குரல்தான் காதுக்குள் இருந்தது. வார்த்தை வரவில்லை. கடைசி வரிசையில் இருந்த களை வெட்டும் மாயக்காள், தன் கரகரத்த குரலில் ஜெபத்தைத் தொடங்கினாள். சபை முழுவதும் சேர்ந்துகொண்டது.

இப்படியே நான்கு வாரம் போனது. ஐந்தாம் வாரம் அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். “என்னால அவரை அப்பான்னு கூப்பிட முடியல. வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

அவர்கள் கோபித்திருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார். மாயக்காள் சொன்னாள்: “முடியாட்டி இருக்கட்டும், உபதேசியாரே. நாங்க கூப்புடுறோம். எங்க சத்தத்தோட ஒங்க சத்தத்தையும் சேத்து அவரு கேட்டுக்குவாரு.”

போடிக்கு இறங்கிப் போய்ப் போதகரிடம் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். மலைக்குப் போக ஆளில்லை, ஈஸ்டர் வரை பொறுங்கள் என்றார் போதகர். ஈஸ்டர் வந்தது, போனது. வேலையை விட்டால் மிஷன் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கும் அவர் தயார்தான். ஆனால் கருத்தம்மாள் அசையவில்லை.

“நீங்க போங்க. பிள்ளையை இங்க தனியாப் போட்டுட்டு நான் வரமாட்டேன்.”

அவள் கோயிலுக்கும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சரிவில் போய் உட்கார்ந்துகொள்வாள். மொக்கச்சாமி உள்ளே வேதம் வாசிப்பார். வாசித்துவிட்டு உட்காருவார். யாராவது ஒருவர் ஜெபத்தைத் தொடங்குவார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். அந்தப் பிரியம் அவரை இறுக்கியது. நம்பாத ஒருவனை இத்தனை பேர் நம்புகிறார்களே என்று குறுகிப் போனார். மூடுபனி இறங்கிய நாள்களில் வாசற்படியில் நின்றால் எதிரே பாதை இருப்பதே தெரியாது. இனி இங்கிருந்து இறங்கவே முடியாது என்று தோன்றும். ஆறு வருசம் இப்படி ஓடியது.

எண்பத்துமூன்றில், நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறிய பேச்சிமுத்து தவறி விழுந்தான். பொன்னுமணியின் தூளியைச் சுமந்த நால்வரில் அவனும் ஒருவன். அன்றைக்கும் மழை, அன்றைக்கும் பாதையில் மண். ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு ஓடிவிட்டார்கள். பெண்கள் துணியும் வெந்நீரும் தேடிப் போனார்கள். லயத்து அறையில் மொக்கச்சாமியும் அவனும் மட்டும்.

“உபதேசியாரே, மூச்சு வாங்குது. என்னால சொல்ல முடியல. எனக்காக அவரைக் கூப்புடுங்க.”

“மாயக்காள வரச் சொல்றேன்.”

“நேரமில்லைண்ணே.”

அவன் கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பிதாவே என்று தொடங்கி கடைசிவரை, வேறொருவனின் வேலையைச் செய்வதுபோலச் சொல்லி முடித்தார். மத்தியானம் பாதை திறந்தது. ஜீப்பில் கொண்டுபோனார்கள். பேச்சிமுத்து பிழைத்துக்கொண்டான்.

சபைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மொக்கச்சாமிக்கோ நெஞ்சு எரிந்தது. இவனுக்குத் திறந்த வழி அவளுக்கு ஏன் திறக்கவில்லை?

அந்த ஞாயிறு அவர் வாசித்துவிட்டு உட்காரவில்லை. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அப்பா,” என்றார். “எம் பிள்ளைக்கு ஏன் வழி விடல? வழிநெடுக அப்பா அப்பான்னு வந்தாளே. நீ எங்க இருந்த?”

யாரும் அவரைத் தடுக்கவில்லை. மாயக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு அவரே மீதி ஜெபத்தைச் சொன்னார். சபையும் கூடவே சொன்னது.

வெளியே தகரச் சுவரை ஒட்டிக் கருத்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவர் வந்ததும், “ஆறு வருசமா நான் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க கேக்கவே இல்லியேன்னு இருந்துச்சு,” என்றாள்.

அடுத்த வாரம் அவளும் உள்ளே வந்து, கதவோரமாக உட்கார்ந்தாள். எண்பத்தெட்டில் உடம்பு முடியாமல் போகும்வரை மொக்கச்சாமி அங்கேயே இருந்தார். சில ஞாயிறு ஜெபத்தை அவர் தொடங்குவார். சில ஞாயிறு முடியாது. மாயக்காள் பக்கம் பார்ப்பார்.