வதனி அக்காவின் புத்தகத்துக்கு நான் செய்யாத அட்டை

வதனி அக்கா இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை அவருடைய தம்பியின் நம்பரிலிருந்து கோல் வந்தது. அட்டை என்ன மாதிரி என்று கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்து இரண்டு தரம் எடுக்காமல் விட்டேன். மூன்றாம் தரம்தான் எடுத்தேன்...

இன்று பின்னேரம் சுடலையிலிருந்து வந்து, குளித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. சண்டிலிப்பாய்க்காரி. பகலில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, பின்னேரத்தில் தம்பியோடு புகையிலைத் தோட்டம். இடையில் கிடைத்த நேரத்தில் பதினொரு கதை எழுதினார். ஒன்றுகூட எங்கும் வெளிவரவில்லை. ஒருவருக்கும் அனுப்பவே இல்லை என்றார்.

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு அட்டை செய்து கொடுப்பது என் வேலை. கெமரா என் பொழுதுபோக்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் நான் விட்ட பிழை.

வழமையாக வருகிறவர்கள் மறைகிற சூரியனும் ஒரு பனையும் கேட்பார்கள். பின்னட்டையில் தங்கள் படம் பெரிதாக வேண்டும் என்பார்கள். வதனி அக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "என்ரை படம் மட்டும் வேண்டாம் தம்பி."

முன்னட்டைக்கு, தன் போனில் எடுத்த தோட்டத்துப் படமொன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "இது காணாதே?"

போதும். வடிவாகக் காணும். நான்தான் காணாது என்றேன்.

காரணம் புத்தகத்தின் முதற் கதை. இடப்பெயர்வில் ஊரே வெளிக்கிட்டுப் போய்விட, நுனி கிள்ள ஆளில்லாமல் ஒரு புகையிலைத் தோட்டம் முழுக்கப் பூத்து நிற்கும். அச்சகத்தில் பிழை பார்க்கிற ப்றூஃபை வாங்கி வாசித்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். பூத்த தோட்டம்தான் அட்டை என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

அக்கா சிரித்தார். "இணுவிலிலை இருந்துகொண்டு உது தெரியாதே தம்பி? பூக்க விட்டா இலை தடிக்காது. ஆர் விடுவினம்? விதைக்கு விடுற நாலைஞ்சு கண்டுதான் பூக்கும்."

"அப்ப அந்த நாலைஞ்சையும் எடுப்பம் அக்கா."

எனக்காகவே விதைக் கன்றுகளை வெளிச்சம் படுகிற கிழக்குப் பக்கமாகப் பார்த்து விட்டார். அதற்காகத் தம்பியோடு சண்டையும் பிடித்தாராம். பூத்ததும் கோல் எடுத்தார். சனிக்கிழமை வாறன் என்றேன். சனிக்கிழமை மழை. அடுத்த கிழமை வேறு வேலை. நான் போனபோது பூவெல்லாம் கொட்டிவிட்டது.

"பரவாயில்லை. வாற வருசமும் பூக்கும்தானே" என்று தேத்தண்ணி தந்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. கோபித்திருக்கலாம்.

அப்போதே உள்பக்கங்கள் முந்நூறு பிரதிக்கு அச்சாகி, அச்சகத்து மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அட்டை வந்தால் ஒட்டி வெட்ட வேண்டியதுதான். ஒரு வருடம் அப்படியே கிடந்தன.

இந்தத் தை மாதம் போனேன். நல்ல காற்று, பூ ஓரிடத்தில் நிற்கவில்லை. அக்கா தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலுக்குள் ஒன்றரை மணித்தியாலம்... நூற்று நாற்பது படம் எடுத்தேன்.

நடுவில் ஒருதரம் வரம்பில் குந்திவிட்டார். "தலையைச் சுத்துது. ஒண்டுமில்லை, நீங்கள் எடுங்கோ."

எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் வெள்ளையாக இருந்தது. பிடிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்... "வெளிச்சம் சரியில்லை அக்கா, இன்னொருக்கா வாறன்" என்று வொய்ஸ் போட்டேன்.

"ஓம் தம்பி. ஏலுமெண்டாக் கெதியாப் பாருங்கோ."

அதுதான் அவரிடமிருந்து வந்த கடைசி வொய்ஸ். எல்லா எழுத்தாளரும் அவசரப்படுத்துவார்கள், இவரும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கிளினிக்குக்குப் போய்வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நேற்றுத் தம்பி என்னிடம் கேட்டது, மரண நோட்டீஸ் அடிக்க ஒரு படம். "உங்களிட்டைத்தான் அக்காவின்ரை வடிவான படம் இருக்கும்."

நூற்று நாற்பதையும் திறந்தேன். எல்லாவற்றிலும் பூ அவ்வளவு தெளிவு, பூவில் இருந்த எறும்பு வரைக்கும். பின்னால் அக்கா புகை மாதிரி. ஒன்றில்கூட முகம் இல்லை. அவர் பக்கம் ஒருதரமாவது ஃபோகஸைத் திருப்பியிருக்கலாம்... கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டார்கள்.

இன்று சுடலையால் வரும் வழியில் தம்பியிடம் சொன்னேன். "நாளைக்கே அட்டை தாறன் அண்ணை. அக்கா அனுப்பின படத்தையே போடுவம். முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகத்தைக் குடுப்பம்."

அவர் நின்று என் பக்கம் திரும்பினார்.

"அது இப்ப இல்லைத் தம்பி. போன மாசம் அக்கா தானே பிறஸுக்குப் போய், இனி இது புத்தகமா வராது எண்டு பேப்பர் எல்லாத்தையும் கழிவுக்குப் போடச் சொல்லிப்போட்டா. கம்பியூட்டரிலை இருந்ததையும் அழிப்பிச்சவ. வீட்டை வந்து கதை எழுதின கொப்பியளை எரிச்சுப்போட்டா. நான் மறிச்சனான், கேக்கேல்லை. உங்களுக்குச் சொல்லவேண்டாமாம்... அந்தப் பிள்ளை மனம் நொந்துபோகும் எண்டவ."



கதைகளை நீங்கள் வாசித்தீர்களா என்று மட்டும் கேட்டேன். இல்லையாம். புத்தகமாக வந்த பிறகு வாசி என்று அக்கா சொல்லி வைத்திருந்தாராம்.

நான் வாசித்ததும் அந்த முதற் கதை ஒன்றுதான். மற்றப் பத்தையும், அட்டை முடிந்த பிறகு ஆறுதலாக வாசிக்கலாம் என்று விட்டிருந்தேன்.

போயிட்டு வாங்கோ அக்கா.